அளந்து பார்க்கும் ஊர்

(தேசிய அறிவியல் நாளையொட்டிக் கும்மிடிப்பூண்டியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1928 பிப்ரவரி 28 அன்று சர் சி.வி. ராமன் தம் கண்டுபிடிப்பைக் கல்கத்தாவில் அறிவித்தார். அந்த ஆய்வில் அவருக்குத் தோள் கொடுத்தவர் நம் வத்திராயிருப்புக்காரர் கே.எஸ். கிருஷ்ணன். 1987 முதல் அந்த நாளை அறிவியல் நாளாகக் கொண்டாடி வருகிறோம். இந்த நாளில் மேடை ஏறுகிறவர்கள் ராமனின் பெருமையைச் சொல்லி, பிள்ளைகளைப் பார்த்து "நீங்களும் விஞ்ஞானி ஆக வேண்டும்" என்று வாழ்த்தி இறங்குவது வழக்கம். ஆகப்போகிற பிள்ளைகள் ஆகட்டும், மனமார வாழ்த்துகிறேன். ஆகாத மற்ற எல்லோருக்கும் அறிவியலில் என்ன பங்கு? ஷிஃப்ட் முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் அண்ணன்மார்களுக்கு என்ன பங்கு? நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கு என்ன பங்கு? இன்று நான் பேச வந்தது இதைத்தான்.

அறிவியல் எங்கே நடக்கிறது என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் வடகிழக்கே கைகாட்டுவார்கள். பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபரில் ரோகிணி என்ற சிறிய ஆய்வு ராக்கெட் அங்கிருந்து முதலில் ஏறியது. 2023 ஜூலை 14 பிற்பகல் 2.35 மணிக்குச் சந்திரயான்-3 ஏறியது. அதை மொட்டை மாடியில் நின்று பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். பார்த்ததோடு நிற்காமல் ஒரு கணக்கும் போடலாம். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். பழவேற்காட்டிலிருந்து ஏவுதளம் சுமார் 35 கிலோமீட்டர். நெருப்பு கண்ணில் பட்டு ஒன்றே முக்கால் நிமிடம் கழித்துத்தான் அதன் உறுமல் காதுக்கு வரும். தம்பிகளே, அடுத்த இரவு ஏவுதலின்போது கைப்பேசியில் விநாடியை ஓடவிடுங்கள். கிடைத்த விநாடியை மூன்றால் வகுத்தால் ஏவுதளம் எவ்வளவு தூரம் என்பது கிடைத்துவிடும். யாரும் சொல்லித் தராமல் நீங்களே அளந்த தூரம் அது.

ராக்கெட் ஏறும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் அந்தப் பக்கம் கடலுக்குப் போகக்கூடாது. அன்றைய பாடு அவர்களுக்குப் போச்சு. தளம் அமைந்த காலத்தில் அந்தத் தீவிலிருந்து வெளியேறிய குடும்பங்களும் உண்டு. நிலவைத் தொட்ட கணக்கில் அவர்கள் கொடுத்த பங்கையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நான் போகும் இடமெல்லாம் சொல்லி வருகிறேன். அரசியல் பேசுகிறேன் என்று யாரும் நினைத்தால், ஆமாம், அரசியல்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

கிழக்கைப் பார்த்தாயிற்று. இனி மேற்கே திரும்புங்கள். பூண்டி ஏரிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம் என்று ஒரு சிற்றூர். 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தார். ஓடைக்கரையில் மனிதன் செதுக்கிய கற்கள் கிடந்தன. 1999-இல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அதே இடத்தில் முறையான அகழாய்வைத் தொடங்கினார்கள். 2011-இல் 'சயின்ஸ்' இதழில் அவர்களின் கட்டுரை வந்தது. அந்தக் கற்கோடரிகளின் வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு. 2018-இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை, கோடரியை விட்டு நுட்பமான சிறு கருவிகளுக்கு மனிதர்கள் இங்கே மாறியது 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே என்று காட்டியது.

இந்த வயது எப்படிக் கிடைத்தது என்று கேட்க வேண்டும். விண்வெளியிலிருந்து அண்டக்கதிர்கள் ஓயாமல் பூமியில் விழுகின்றன. அவை தரையில் கிடக்கும் கல்லில் பட்டால் அதற்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு வகைக் கதிரியக்க அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துவிட்டால் புதிதாகச் சேர்வது நின்றுபோகும், சேர்ந்திருப்பது சிதையத் தொடங்கும். அலுமினியம்-26 ஏழு லட்சம் ஆண்டில் பாதியாகிவிடும். பெரிலியம்-10 பாதியாவதற்கு அதைப்போல் இரண்டு மடங்கு காலம் ஆகும். இன்றைக்கு இரண்டும் என்ன விகிதத்தில் மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணிவிட்டால், கல் புதைந்து எவ்வளவு காலம் என்று சொல்லிவிடலாம். இதோடு, அந்த மண்ணில் பதிந்திருந்த காந்தத் திசையையும் பார்த்தார்கள். பூமியின் வடதென் காந்த முனைகள் கடைசியாக இடம் மாறியது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. அத்திரம்பாக்கத்தின் அடிமண்ணில் இருந்தது மாறுவதற்கு முந்தைய திசை. இரண்டு வேறு வழிகளில் அளந்தார்கள், இரண்டும் ஒத்துப்போயின. அதனால்தான் உலகம் ஏற்றுக்கொண்டது. பூண்டியில் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை மாலுக்குக் கூட்டிப்போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றையாவது அதற்குக் கொடுங்கள்.

பதினைந்து லட்சம் ஆண்டுக்கு முன் ஒருவர் கையிலிருந்து விழுந்த கல்லின் வயது தெரிகிற மாவட்டம் இது. அதே மாவட்டத்தில், போன மாதம் நம் தெருக் குழாயில் வந்த தண்ணீரில் எவ்வளவு உப்பு இருந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய மணலுக்கு அடியில் அருமையான ஊற்று இருக்கிறது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், கன்னிகைப்பேர், பூண்டி என்று வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள் போட்டுச் சென்னை நகருக்கும் மணலி ஆலைகளுக்கும் அந்தத் தண்ணீர் போனது. அறுபதுகளின் கடைசியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு இந்த நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே புகுந்துகொண்டிருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு உப்பு கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்தது. ஏற்றம் இறைத்த கிணறுகள் கைவிடப்பட்டன. நெல் விளைந்த நிலங்கள் தரிசாயின.

கடல்நீர் ஏன் உள்ளே வருகிறது? நல்ல தண்ணீரைவிடக் கடல்நீர் எடை கூடியது, நூற்றுக்கு இரண்டரை அளவு கூடியது. அதனால் மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது அடி வரைக்கும் உப்பு ஏறாது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே டச்சுப் பொறியாளர் ஒருவரும் ஜெர்மானியர் ஒருவரும் தனித்தனியே கண்டறிந்த கணக்கு இது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டாரைப் போட்டு நாம் ஓர் அடி மட்டத்தை இறக்கினால், கீழே உப்பு நாற்பது அடி மேலேறும். கடலோரத்தில் தண்ணீர் உறிஞ்சுவது உள்நாட்டில் உறிஞ்சுவதைப் போன்றதல்ல என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

இன்னொரு கணக்கையும் சொல்கிறேன், அம்மாக்கள் கவனிக்க வேண்டும். குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. வேறு வழியே இல்லாத ஊரில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. கடல்நீரில் இருப்பது ஏறக்குறைய 35,000. தொண்ணூற்றெட்டுக் குடம் நல்ல தண்ணீரில் இரண்டே குடம் கடல்நீர் கலந்தால், லிட்டருக்கு 700 மில்லிகிராம் உப்பு கூடிவிடும். இரண்டு குடம் போதும், ஊர்க்கிணறு கெட்டுப்போக. பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, டீ ஒரு மாதிரி இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்கிறவர்கள் நீங்கள்தான். நாக்கு சொன்னதை எண்ணாக எழுதி வைக்க, கரைந்த உப்பை அளக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் போதும். சில நூறு ரூபாய்க்கு, பேனா அளவில் கிடைக்கிறது. தண்ணீரில் முனையை நனைத்தால் எண் தெரியும். ஈயமோ ஆர்செனிக்கோ இருந்தால் அது தனியாகக் காட்டாது, அதற்கு ஆய்வகம்தான் வேண்டும். மாதம் ஒரு முறை, அதே கிணறு, அதே நேரம். ஒரு வருஷம் எழுதினால் உங்கள் கையில் இருப்பது ஓர் ஆவணம்.

இங்கேதான் அரசியல் வருகிறது. பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் வந்தது, சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் கிருஷ்ணா நீருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 1987-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. 2020 நவம்பரில் கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. எல்லாமே சென்னையின் தாகத்துக்காக. 2019 கோடையில் சென்னை வறண்டபோது நம் மாவட்டத்து வயல் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் போனது. சென்னை மக்கள் குடிக்க வேண்டாமா? குடிக்க வேண்டும். நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேதான் பிழைக்கிறார்கள். ஆனால் எந்த ஊரிலிருந்து எவ்வளவு எடுத்தார்கள், எடுத்தபின் அந்த ஊரின் மட்டம் எவ்வளவு இறங்கியது என்பது அந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. அளந்த எண் தில்லிக்கும் சென்னைக்கும் போகிறது. கிணறு இருக்கும் ஊருக்கும் அது வந்தாக வேண்டும்.

அறிவியல் கூட்டத்தில் அரசியல் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சிங்காரவேலரை நினைவூட்டுகிறேன். 1860-இல் சென்னைக் கடற்கரையில் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். 1923 மே 1 அன்று இந்தியாவிலேயே முதல்முறையாக மே தினக் கொடியை ஏற்றியவர். அதே மனிதர்தான் 'குடிஅரசு' இதழிலும் தாம் நடத்திய 'புது உலக'த்திலும் வானியலையும் உயிரியலையும் பாமரருக்குப் புரியும் தமிழில் எழுதினார். ஆலைத் தொழிலாளிக்கு டார்வின் எதற்கு என்று அவர் நினைக்கவில்லை. அந்த மரபில் வந்தவன் நான் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

இனிக் காற்றுக்கு வருகிறேன். இந்த சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கும் உலைகளும், கம்பி இழுக்கும் ரோலிங் மில்களும், பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கும் ஆலைகளும் இருக்கின்றன. அவற்றால்தான் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிகிறது. மறுக்கவில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து 1,500 டிகிரி உலைக்கு எதிரே நிற்கும் இளைஞர்களும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே முகாமில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களும், புதுகும்மிடிப்பூண்டியிலும் சிறுபுழல்பேட்டையிலும் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறோம்.

பிள்ளைகள் செய்து பார்க்க ஓர் எளிய சோதனை. பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தத்தை எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் சுற்றிக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் பெருக்கிக் கூட்டிய தூசியின் மேல் மெதுவாகத் தடவுங்கள். தாளில் கருப்பாக மயிர்க்கால் மாதிரி சிலிர்த்து நிற்பது இரும்புத் துகள். உடனே ஆலையைக் கைகாட்டிவிடாதீர்கள். சாதாரண ஆற்று மணலிலும் காந்தத்தில் ஒட்டும் கனிமம் உண்டு. அதனால் ஊத்துக்கோட்டையிலோ திருத்தணியிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டு மாடித் தூசியிலும் அதே அளவு எடுத்து, அதே காந்தத்தால் தடவிப் பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே பேசுங்கள். ஒப்பிடாமல் சொல்லும் குற்றச்சாட்டு நிற்காது, ஒப்பிட்டுச் சொன்னதைத் தட்டிக்கழிக்க முடியாது.

கண்ணுக்குத் தெரியும் தூசியைவிட மோசமானது தெரியாத தூசி. 2.5 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள், தலைமுடியின் தடிமனில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அது நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போகும். 24 மணி நேரச் சராசரி கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்திய வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த வரம்பு 15. நம் ஊரிலேயே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. அது காட்டும் எண்ணைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

இதை விளையாட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை இழுக்கிறார். மூச்சிறைக்க ஆடும் வீரருக்கு அது நூறு லிட்டரையும் தாண்டும். அதுவும் மூக்கில் வடிகட்டாமல் வாய் வழியாகப் போகும். கபடியில் முப்பது விநாடி பாடிப் போய்த் திரும்பிய பையன் கோட்டில் குனிந்து நின்று இழுக்கிறானே, அந்த மூச்சு. பொங்கலுக்கு நம் ஊர்களில் கபடிப் போட்டி விளக்கொளியில் விடிய விடிய நடக்கும். மார்கழி, தை இரவுகளில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் சூடான காற்றுமாக நின்றுவிடுவதால் புகை மேலே போக வழியில்லாமல் தாழ்ந்தே கிடக்கும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போனதற்கு, எரித்த புகையோடு இதுவும் காரணம். ஆண்டிலேயே காற்று மோசமாக நிற்கும் நேரத்தில்தான் நம் பிள்ளைகளை அதிகமாக மூச்சு வாங்க வைக்கிறோம். போட்டி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் நம் பெண்கள் கபடித் தங்கம் வென்றபோது அந்த அணியில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். இந்த மண்ணிலிருந்தும் அப்படி ஒருத்தி வர வேண்டும். விழாக் குழுவினருக்கு என் வேண்டுகோள்: ஆட்டத்தைப் பிற்பகலில் தொடங்கி முன்னிரவுக்குள் முடியுங்கள். மைதானத்தில் ஸ்கோர் பலகைக்குப் பக்கத்தில் அன்றைய காற்றின் எண்ணையும் எழுதிப் போடுங்கள்.

ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956-இல் கணித்தவர் அமெரிக்க வேதியியலர் கிளேர் பேட்டர்சன். விண்கற்களில் இருக்கும் ஈயத்தை அளந்துதான் அதைச் சொன்னார். அளக்கும்போது எங்கே பார்த்தாலும் வேண்டாத ஈயம் குறுக்கே வந்தது. அது பெட்ரோலில் கலந்த ஈயத்தின் புகை என்று கண்டுகொண்டு, எண்ணெய்க் கம்பெனிகளை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். இந்தியாவில் ஈயப் பெட்ரோல் முழுவதுமாக ஒழிந்தது 2000-இல். குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இவ்வளவு வரைக்கும் இருக்கலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவுமில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேட்டரி ஆலையில் வேலை செய்யும் அண்ணன்மார்களே, வேலை உடையோடு வீட்டுக்குப் போகாதீர்கள். ஆலையிலேயே குளித்து மாற்றிக்கொண்டு போங்கள். அந்தச் சட்டையில் ஒட்டியிருக்கும் தூசி தூக்கி வைத்துக் கொஞ்சும் குழந்தையின் வாய்க்குப் போகும். குளிக்கும் வசதியும் ரத்தப் பரிசோதனையும் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை.

நமக்கு முன்னால் ஒரு சிப்காட் வழி காட்டியிருக்கிறது. 2004-இல் கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து ஆண்களும் பெண்களும் கண்காணிப்புக் குழு அமைத்தார்கள். என்ன நாற்றம், எத்தனை மணிக்கு, காற்று எந்தத் திசையில் என்று நோட்டில் எழுதினார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் தனிவகைப் பை வைத்து, நாற்றம் அடிக்கும் நேரத்தில் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனங்கள் அதில் இருந்தன. அதுவரை "நாற்றம் அடிக்கிறது" என்ற புகாராக இருந்தது, அதன் பிறகு அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டிய சான்றாக மாறியது. அவர்களில் பலர் பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர்கள்.

அபாயக் கழிவை உண்டாக்கும் ஆலைகள், என்னென்ன ரசாயனம், எவ்வளவு கழிவு, புகையிலும் நீரிலும் என்ன வெளியேறுகிறது என்பதை வாசலில் பலகை வைத்து எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003 அக்டோபர் 14 அன்று உத்தரவிட்டது. ஆலை வாசல்களில் அந்தப் பலகையைத் தேடிப் பாருங்கள். சிலவற்றில் எண்கள் தெளிவாக இருக்கின்றன. சிலவற்றில் வெயிலில் வெளுத்து, தேதி இல்லாமல், வாகனம் நிற்கும் மறைவில் கிடக்கிறது. தேதி இல்லாத எண்ணை நான் ஏற்க மாட்டேன், நீங்களும் ஏற்காதீர்கள். உலையடியில் நிற்கும் வடமாநிலத் தொழிலாளியும் படிக்கும்படி இந்தியிலும் அது இருக்க வேண்டும்.

இதையெல்லாம் எங்கே போய்க் கேட்பது? சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. கும்மிடிப்பூண்டி பேரூராட்சியில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் குடிநீரைச் சோதிக்கப் பயிற்சியும் பரிசோதனைப் பெட்டியும் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார், பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். அப்படி யாருமே இல்லையென்றால் இங்கே வந்திருக்கும் சகோதரிகளில் ஐந்து பேர் பெயர் கொடுங்கள்.

அடுத்த கிராம சபை மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அதற்கு முன் உங்கள் தெருக் குழாயிலும் பள்ளிக்கூடக் குழாயிலும் தண்ணீரை அளந்து, தேதியும் நேரமும் போட்டு ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். அந்தத் தாளை வாசிக்கச் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றியதும் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.